பியூமிஸ் கல், 3–6 மி.மீ., 5 கிலோ பை: மாடித்தோட்ட அடீனியத்துக்கு (பாலைவன ரோஜா) வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் எடையை நம்பாமல் லிட்டரில் அளந்து வாங்குங்கள்.

ஈ.சி.ஆர். பக்கத்து நர்சரிகளில் கிடைக்கும் இந்தப் பையில் இந்தோனேசியச் சரக்கு என்று போட்டிருக்கிறது. அங்கே லோம்போக் தீவில் 1257-ல் சமலாஸ் எரிமலை வெடித்துக் கொட்டிய பியூமிஸ் பல மீட்டர் கனத்துக்குப் படிந்து கிடக்கிறது. இன்றும் தோண்டி எடுக்கிறார்கள். சிலிக்கா மிகுந்த கெட்டி மாக்மா மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீர் ஆவிக் குமிழ்களாகப் பொங்கும். மாக்மா சிதறி, படிகமாக நேரமின்றிக் கண்ணாடியாகவே இறுகிவிடும். அந்தத் துளைகளுக்குத்தான் காசு கொடுக்கிறோம்: தண்ணீரையும் பிடிக்கும், வேருக்குக் காற்றும் விடும்.

ஒரு கல்லை உடைத்து வெயிலில் பாருங்கள். ஒருபக்கமாக இழுபட்ட துளைகள், ஓரத்தில் கண்ணாடி மினுமினுப்பு, இடையிடையே பொடிப்பொடியாகக் கறுப்புப் படிகங்கள் தெரிந்தால் நல்ல சரக்கு. துளைகள் எல்லாம் உருண்டையாக, ஒரே மாதிரி, சுண்ணாம்பு வெளுப்போடு இருந்தால் உடைத்த ஏ.ஏ.சி. பிளாக்காக (சுவர் கட்டும் நுரைக் கான்கிரீட் கல்) இருக்கலாம். அதில் காரத்தன்மை அதிகம். செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் தளிர் மஞ்சளாகும். மிதக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. ஏ.ஏ.சி.யும் மிதக்கும், நன்றாக ஊறிய பியூமிஸ் மூழ்கும்.

எடை விஷயத்துக்கு வருவோம். உலர்ந்த கல் லிட்டருக்குச் சுமார் அரை கிலோ. 5 கிலோவுக்கு 8 முதல் 10 லிட்டர் வர வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த மூட்டை என்றால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

இந்தப் பையின் பெரிய குறை தூள். அப்படியே தொட்டியில் கொட்டினால் தூள் அடியில் இறங்கி வடிகால் துளையை அடைக்கும், அடீனியத்தின் கிழங்கு அழுகும். 2 மி.மீ. சல்லடையில் சலித்து, பக்கெட்டில் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம்; அது மாவு இல்லை, கண்ணாடித் துகள். அலசிய தண்ணீரை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் வண்டலாக இறுகும்.

கலவை: பியூமிஸ் 5 பங்கு, அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 3, மண்புழு உரம் 2. மழைக்காலத்தில் தொட்டி திறந்த மாடியிலேயே இருக்கும் என்றால் பியூமிஸை 7 ஆக்கி, கோகோபீட்டையும் உரத்தையும் சேர்த்தே 3 பங்கோடு நிறுத்துங்கள். கல்லில் சொல்லும்படி சத்து கிடையாது, உரம் தனியாகத் தர வேண்டும்.

பெர்லைட்டும் எரிமலைக் கண்ணாடிதான், சூளையில் பொரித்தது. விலை குறைவு, ஆனால் நீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வந்துவிடும், கையால் நசுக்கினாலே பொடியாகும். கறுப்பு, சிவப்பு லாவா கல் உறுதியானது. மாடிக்கு அதன் பாரம் ஒத்துவராது. விலை கூடினாலும் பியூமிஸுக்கே என் ஓட்டு, மக்காது என்பதால் மறுநடவுக்கும் ஆகும்.

உப்பான போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் கல்லின்மேல் வெள்ளைப் பூச்சு படியும். மாதம் ஒருமுறை மெட்ரோ வாட்டரோ மழைநீரோ தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு ஊற்றி, அடியில் முழுக்க வடியவிடுங்கள். தட்டில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிடுங்கள். விட்டால் கல் அதே உப்பை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.