கோசோ: இரண்டு இரவாவது தங்க வேண்டிய தீவு

மால்டாவுக்கு வடமேற்கே இருக்கும் கோசோவின் பரப்பு 67 சதுர கிலோமீட்டர்தான். அதனாலேயே பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். பாதி நேரம் பயணத்திலும் வரிசையிலும் போய்விடுகிறது. அந்தக் கூட்டம் கிளம்பிய பிறகுதான் தீவின் அமைதியே தெரியும்.

மால்டா விமான நிலையத்திலிருந்து எக்ஸ்1 பேருந்து சிர்கெவ்வா படகுத்துறைக்கு வருகிறது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து கோசோவின் இம்ஜார் துறைக்குப் பெரிய கப்பலில் 25 நிமிடம். போகும்போது யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது இம்ஜாரில் 4.65 யூரோ கட்ட வேண்டும். மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவிலிருந்து 45 நிமிடத்தில் வரும் விரைவுப் படகும் உண்டு. ஆனால் கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவது அதுதான். விமானம் பிடிக்கும் நாளில் அதை நம்ப வேண்டாம்.

தீவுக்குள் எங்கே போவதானாலும் பெரும்பாலும் தீவின் முக்கிய ஊரான விக்டோரியாவின் பேருந்து நிலையத்தில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். பல தடங்களில் மணிக்கு ஒரு வண்டிதான். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்து பார்க்க நினைத்த இடத்தையும் விட்டுவிட வேண்டியதுதான்.

மேற்குக் கரையிலுள்ள துவெய்ராவில் இருந்த புகழ்பெற்ற கல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலுக்குள் சரிந்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் துவெய்ராவை ஒதுக்கிவிடாதீர்கள். குன்றுக்கு உள்பக்கம் குளம்போலக் கடல்நீர் தேங்கி நிற்கிறது. அங்கிருந்து சிறு படகில் ஏறினால் தலைக்கு மேல் ஈரப்பாறை, இருட்டான குகைப்பாதை, திடீரென்று திறந்த கடல். ஒரே சிக்கல் காற்று. வடமேற்குக் காற்று வீசினால் அலை நேராக அந்தப் பாதைக்குள் அடிக்கும், படகுகள் ஓடா. ஆகவே பேருந்து நேரத்துக்கு முன் காற்றின் திசையைப் பாருங்கள். வடமேற்குக் காற்று வீசும் நாளில் தென்கிழக்குக் கரையின் இம்ஜார் இஷ்ஷினி விரிகுடா பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

ஜிகான்டியா கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளுக்கும் மூத்தவை. அங்கே நிழல் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள தா கோலா காற்றாலையையும் பார்க்கலாம். ஷ்வெய்னி உப்புப் பாத்திகளில் ஓரமாக நின்று படமெடுங்கள், உள்ளே மிதிக்க வேண்டாம். அது சாப்பாட்டுக்குப் போகும் உப்பு.

நாதூர் அடுமனைகளில் கிடைக்கும் ஃப்தீரா, மெல்லிய உருளைக்கிழங்குத் துண்டுகள் பரப்பிச் சுட்ட ரொட்டி. நெத்திலி சேர்ப்பது வழக்கம். சைவர்கள் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.