காரில் 'டொக் டொக்' சத்தமா? ஷாக் அப்சார்பருக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

அப்பத்தாவைக் கானாடுகாத்தானிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போனபோதுதான் முதலில் கேட்டது. வேகத்தடை வரும்போதெல்லாம் முன்சக்கரப் பக்கம் 'டொக்' என்று ஓர் அடி. "யாரோ அம்மி கொத்துகிற மாதிரி இருக்கிறதே" என்றார் அப்பத்தா.

மறுநாள் காரைக்குடியில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கியும் பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன அண்ணே" என்றார். 11,400 ரூபாய். பழையவற்றைக் கேட்டால், அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டனவாம்.

வீடு திரும்பும் வழியிலேயே அதே சத்தம். "புதியது, 500 கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும்" என்றார் பட்டறைக்காரர். நானும் நம்பி ஓட்டினேன், என்னைச் சொல்ல வேண்டும். சத்தம் போகவில்லை, வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது, டயரின் ஓரமும் தேய்ந்தது. முன்பக்கம் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியா என்று பார்க்க வேண்டும். அதை அவர் செய்யவே இல்லை.

பிறகு தேவகோட்டையில் ஒரு வயதான மெக்கானிக் வண்டியைத் தூக்கி, லிங்க் ராடை, அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டைக் கையால் பிடித்து ஆட்டினார். 'டொக்'. அதன் முனையிலிருந்த பந்து மூட்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் மாற்றக் கூலியோடு 1,600 ரூபாய்.

ஷாக் அப்சார்பர் உண்மையிலேயே போயிருந்தால் எப்படித் தெரியும் என்பதையும் அவரே காட்டினார். குழாய்மேல் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருக்கும். பானட்டின் மூலையை அழுத்தி விட்டால் வண்டி ஓரிரு ஆட்டத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு கீழே குத்தும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும். அப்போது தள்ளிப்போடாதீர்கள்; சக்கரம் தரையில் சரியாகப் பதியாது, பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வதும் ஏமாற்று அல்ல, அதுதான் முறை. ஆனால் வெறும் சத்தத்துக்கு லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையில் உள்ள ரப்பர்), மேல் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையை வண்டியோடு பிடித்திருக்கும் பாகம்), தளர்ந்த ஒரு போல்ட்கூடக் காரணமாகலாம். வண்டியைத் தூக்கி, எது ஆடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். கழற்றிய பாகங்கள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில்லோடு அந்தப் பட்டறைக்கு மறுபடி போனேன். "புதிய ஷாக் அப்சார்பர் வண்டியில்தானே இருக்கிறது அண்ணே, உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார்.