டேபிள் ஃபேன் கடையில் தீர்ந்த ஹீட்டர் மோட்டார் சத்தம்

திருநெல்வேலி வெயிலில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்காதவர் கிடையாது. ஜூலை சாரலில் நாலு பேரோடு குற்றாலம் போய்ப் பார்க்கணும். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு எல்லோரும் ஏறியதும் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிடும். அப்பா வாங்கிய 1989 மாடல் காரில் ஏசி கிடையாது. அந்த ஆவியை விரட்ட, சூடான காற்றை ஊதும் ஹீட்டர் ப்ளோவர்தான் கதி.

2022 சீசனில் அது கிறீச்சிடத் தொடங்கியது. போட்டதும் ஐந்து நிமிடம் கத்தும், அப்புறம் அடங்கும். இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் போட்டாலும் அதே சத்தம். ஸ்பீடு ஸ்விட்சைத் திருப்பினால் சத்தமும் ஏறி இறங்கியது. சரி, ஃபேன் பெல்ட் இல்லை, ப்ளோவர் மோட்டார்தான்.

முதலில் நான் செய்தது தப்பு. துரு பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மோட்டாருக்குள் அடித்தேன். நாலு நாள் நிம்மதி, ஐந்தாம் நாள் முன்பைவிட மோசம். உள்ளே சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்குவது வெண்கலப் பொடியை அழுத்திச் செய்த புஷ். அதன் நுண்துளைகளில் ஊறியிருக்கும் ஆயில்தான் அதற்கு உயிர். ஸ்ப்ரே மிச்சமிருந்த ஆயிலையும் கழுவிவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில், இந்த மோட்டார் இப்போது வருவதில்லை, ஹீட்டர் பெட்டியை வெட்டி வேறு கார் மோட்டாரை மாட்டலாம் என்றார்கள். மனசு வரவில்லை. நானே கழற்றினேன். உருளைக் கூண்டு ஃபேன் முழுக்க வேப்பிலைக் காம்பும் பூவும். வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நிறுத்துவதன் பலன். சுத்தம் செய்யும்போது இதழ் ஒன்றில் மாட்டியிருந்த சின்னத் தகடைக் குப்பை என்று பிடுங்கிவிட்டேன். அது ஃபேன் ஆடாமல் இருக்க வைத்த எடை! நல்லவேளை, அழுக்கில் அதன் அச்சு பதிந்திருந்ததால் அதே இதழில் திரும்ப மாட்ட முடிந்தது.

மோட்டாரைப் பாளையங்கோட்டையில் ஒரு டேபிள் ஃபேன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி ஷாஃப்டை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். "மோட்டாருக்கு ஒண்ணுமில்ல தம்பி, புஷ் தேஞ்சிட்டு. டேபிள் ஃபேனுக்கும் இதே சீக்குதான்." ஷாஃப்ட் 8 மி.மீ. அந்த அளவு ஃபேன் புஷ் இரண்டை எடுத்து ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைத்து, சுற்றிலும் ஆயிலைப் பிடித்து வைக்கும் புது ஃபெல்ட் துணி வைத்து மாட்டினார். மோட்டாருக்குள் கரண்டைக் கொடுக்கும் கார்பன் துண்டுகள் பாதிக்கு மேல் இருந்ததால் மாற்றவில்லை. அவை உரசும் செம்பு வளையமான காமுடேட்டரை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தார். எமரி தாளைத் தொடவே இல்லை, அதன் துகள் கரண்டைக் கடத்துமாம். மொத்தம் 350 ரூபாய்.

மூன்று சீசன் ஓடிவிட்டது. கிறீச் திரும்பவில்லை. 2024 மழையில் குறைந்த ஸ்பீடில் லேசான முனகல் வந்தது. ஃபெல்ட்டில் இரண்டு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டதும் அடங்கியது. அதற்கு மேல் விட்டால் ஆயில் காமுடேட்டருக்கு இறங்கி, கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். இலை வராமலிருக்கக் காற்றுத் துவாரத்தில் கொசுவலை கட்டியது மட்டும் வீண். காற்றே வரவில்லை. பிய்த்துவிட்டுப் பெரிய கண் வலை போட்டேன். ஃபுல் ஸ்பீடில் புதுக் கார் மாதிரி அமைதி என்று பொய் சொல்ல மாட்டேன். காற்றின் இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது ஹீட்டருக்கு வெந்நீர் விடும் வால்வு லேசாகக் கசிகிறது. அடுத்த சாரலுக்குள் அதைப் பார்க்கணும்.