யுலிஸிஸா, ஃபாக்னரா: முதலில் எதை எடுப்பது?

கடினமான நாவல் ஒன்றைப் படித்தே தீருவது என்று முடிவெடுத்தவர்களிடம் இரண்டு புத்தகங்களின் பெயர்கள் தவறாமல் வந்து சேரும். ஒன்று ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ (1922). மற்றது வில்லியம் ஃபாக்னரின் ‘த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’ (1929). நான் ஃபாக்னரை முடித்துவிட்டு ஜாய்ஸிடம் போனேன். யார் கேட்டாலும் இதே வரிசையைத்தான் சொல்கிறேன்.

யுலிஸிஸ் தடிமனான புத்தகம், ஃபாக்னருடையது அதில் பாதிகூட வராது. இரண்டிலுமே நனவோடை உத்தி (பாத்திரத்தின் மனதில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதுவது) உண்டு. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். எது பெரிய நாவல் என்ற பட்டிமன்றமும் எனக்கு வேண்டாம். புதிதாக நுழையும் வாசகருக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: புரியாமல் நிற்கும் இடத்துக்கு விடை எங்கே இருக்கிறது, புத்தகத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

ஃபாக்னரின் முதல் பகுதி 1928 ஏப்ரல் 7ஆம் தேதி நடக்கிறது. சொல்பவன் பெஞ்சி. வயது 33, பேச்சு வராது, நேற்று எது இன்று எது என்ற பிரிவும் அவன் மனதில் கிடையாது. வேலி இடுக்கில் நுழையும்போது அவன் உடை ஓர் ஆணியில் மாட்டிக்கொள்கிறது. இங்கே மாட்டிக்கொள்ளாமல் உனக்கு நுழையவே வராதா என்று கூட வரும் லஸ்டர் அலுத்துக்கொள்கிறான். ஆனால் அடுத்த வரியில் ஆணியிலிருந்து அவனை விடுவிப்பது அக்கா கேடி. ஏப்ரல் போய்க் கிறிஸ்துமஸ் நெருங்கும் குளிர்காலம் வந்துவிட்டது, பெஞ்சி சிறுவனாகிவிட்டான். எழுத்து சாய்வதைத் தவிர வேறு எந்த அறிவிப்பும் இல்லை.

முதல் வாசிப்பில் இது தலையைச் சுற்ற வைக்கும். ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பை ஃபாக்னரே நட்டு வைத்திருக்கிறார். பெஞ்சியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் காலத்துக்கேற்ப மாறுகிறார்கள். வெர்ஷ் இருந்தால் அது சிறுவயது, டி.பி. இருந்தால் அதற்குப் பிந்தைய இளவயது, லஸ்டர் என்றால் 1928. இதைக் கவனித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குவென்டின் என்ற பெயர் ஒரு பக்கம் ஆணாகவும் இன்னொரு பக்கம் பெண்ணாகவும் வருகிறதே என்று திகைக்க வேண்டாம். ஒருவன் பெஞ்சியின் அண்ணன், மற்றவள் கேடியின் மகள். மூன்றாவது பகுதியில், காசே குறியாக இருக்கும் இன்னொரு அண்ணன் ஜேசன் வாயைத் திறந்ததுமே அது விளங்கிவிடும். தன் மகளுக்காகக் கேடி அனுப்பும் பணத்தை அவன் அபகரிப்பதும் அங்கேதான் தெரியவரும். நான்காவது பகுதியில், பணிப்பெண் டில்ஸி ஈஸ்டர் ஞாயிறன்று பெஞ்சியைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகும்போது, அந்தக் குடும்பம் முழுவதும் நம் கண்முன்னே நிற்கிறது.

அதன்பிறகு முதல் பகுதிக்குத் திரும்பிப் பாருங்கள். புதிராக இருந்த அதே ஆணி இப்போது துக்கமாக இருக்கும். அக்கா போய்விட்டாள் என்பது நமக்குத் தெரியும், பெஞ்சிக்குத் தெரியாது. இதற்கு உரைநூல் எதுவும் தேவைப்படவில்லை, புத்தகத்தைத் திரும்பப் புரட்டினால் போதும். ஒன்று மட்டும்: ஃபாக்னர் பின்னாளில் எழுதிச் சேர்த்த பிற்சேர்க்கை சில பதிப்புகளில் முன்னாலேயே இருக்கும், அதைக் கடைசியில் படியுங்கள்.

யுலிஸிஸ் 1904 ஜூன் 16 அன்று அயர்லாந்தின் டப்ளினில் நடக்கிறது. அங்கே நாம் தடுக்கி விழும் இடங்களில் பாதிக்கு மேல் விடை வெளியில்தான் கிடைக்கும். ஆறாவது அத்தியாயத்துச் சவ ஊர்வலத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1891இல் இறந்த அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் அந்த மனிதர்களுக்கு யார், கத்தோலிக்கச் சடங்கில் பாதிரியார் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் டப்ளின்காரருக்குத் தெரிந்தவை, நமக்குத் தெரியாதவை. இந்த நாவலுக்கு டான் கிஃபோர்டு எழுதிய குறிப்புரையே பெரிய தலையணை. ஜாய்ஸ் நண்பர்களுக்குத் தந்த அத்தியாயத் திட்டம் இல்லாமல் ஹோமரின் ‘ஒடிஸி’ காவியத்தோடு உள்ள இணைகளைப் பிடிப்பதும் கடினம்.

ஆனால் உள்ளேயே விடை இருக்கும் முடிச்சுகள் யுலிஸிஸிலும் உண்டு, அவை அபாரமானவை. படித்து முடித்த பத்திரிகையைத் தூக்கி எறியத்தான் போகிறேன் என்று நாவலின் நாயகர் ப்ளூம் சாதாரணமாகச் சொல்வது, அதே அர்த்தமுள்ள பெயர் கொண்ட பந்தயக் குதிரைக்கான துப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. குதிரை ஜெயிக்கிறது, அவர் அதில் பணம் கட்டி ஜெயித்துவிட்டார் என்ற நினைப்பில் சில அத்தியாயங்கள் தள்ளி மதுக்கடையில் ப்ளூம் மீது வெறுப்பு பாய்கிறது. காரணம் அவருக்குத் தெரியவே தெரியாது. ஃபாக்னரில் பழகிய கண் இதைத் தானாகப் பிடித்துவிடும். என் வரிசைக்கு முக்கியக் காரணமே இதுதான்.

பதினான்காவது அத்தியாயம் பற்றி மட்டும் என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆங்கில உரைநடையின் பல நூற்றாண்டு நடைகளைப் போலச் செய்து காட்டுகிறார் ஜாய்ஸ். அந்த நடைகளில் எனக்குப் பயிற்சி போதாது. ஆங்கில இலக்கியத்தை முறையாகப் பயின்றவர்களுக்கு என் வரிசை தலைகீழாகவும் அமையலாம்.

இல்லை, யுலிஸிஸ்தான் முதலில் என்பவர்கள் நான்காவது அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். ப்ளூம் மனைவிக்குக் காலை உணவு தயாரிக்கிறார், கடைக்குப் போய்ச் சிறுநீரகக் கறி வாங்கி வருகிறார், மாடியில் பேசிக்கொண்டிருக்கையில் கீழே அது அடிப்பிடிக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களும் அதே காலைப் பொழுதில் நடப்பவைதான் என்பதால், அவற்றைப் பிறகு படித்தாலும் கதை அறுந்துபோகாது.