‘ஏரி’யா, ‘விடியலா’: எதை முதலில் படிப்பது?

பிரெஞ்சுக் கவிதைக்குப் புதியவர்கள் கேட்டால் இரண்டைச் சொல்வேன்: 1820இல் வெளிவந்த லமார்த்தினின் ‘ஏரி’, 1856இல் வந்த விக்டர் ஹியூகோவின் ‘நாளை, விடியலில்’.

முந்தைய ஆண்டு காதலி ஜூலியோடு இருந்த ஏரிக்கரைக்கு லமார்த்தின் தனியாக வருகிறார். ஜூலி நோயில் கிடக்கிறாள். அவள் உட்கார்ந்த அதே கல்லில் உட்கார்ந்து, காலத்தை நிற்கச் சொல்லி அன்று அவள் கெஞ்சியதை நினைக்கிறார். அழகுதான். ஆனால் 64 வரி. முதல் வாசிப்புக்குக் கொஞ்சம் அதிகம்.

ஹியூகோவுக்கு 12 வரி போதும். ‘விடிந்ததும் கிளம்புவேன், நீ காத்திருப்பாய் என்று தெரியும்’ என்று தொடங்குகிறார். சரி, காதலியைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைப்போம். காடும் மலையும் கடந்து, முதுகு வளைந்து, கைகளைக் கட்டியபடி நடக்கிறார். அந்திப் பொன்னையும் தூரத்துப் பாய்மரங்களையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாராம். கடைசி இரண்டு வரியில்தான் ‘உன் கல்லறை’ என்ற சொல் வருகிறது. அந்த ‘நீ’, 1843இல் சேன் நதியில் மூழ்கி இறந்த அவருடைய மகள் லெயோபோல்தீன். அப்போது அவளுக்கு 19 வயது.

என் ஓட்டு ஹியூகோவுக்கே. படித்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போங்கள். ‘நீ காத்திருப்பாய்’ என்பது இப்போது வேறு மாதிரி கேட்கும்.