செல்ஃப் அடித்தும் கிளம்பாத இன்ஜின்: முதலில் ஸ்கேனரா, சோதனை விளக்கா?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. இந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கக் கருவி வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காரின் 16 முனை இணைப்பில் செருகி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவிடம் விவரம் கேட்கும் ஸ்கேனர். மற்றது, சோதனை விளக்கு, ஸ்பார்க் டெஸ்டர், எரிபொருள் பிரஷர் கேஜ் என்ற கைக்கருவிகள். நான் முதலில் வாங்கியது இரண்டாவதை. ஸ்கேனர் பிறகுதான் வந்து சேர்ந்தது. இரண்டும் கைவசம் இருக்கும் இப்போதும், பெட்ரோல் கார் கிளம்பவில்லை என்றால் நான் முதலில் எடுப்பது விளக்கைத்தான். காரணம் பழக்கம் அல்ல. அதை விரிவாகவே சொல்கிறேன்.

யூகத்தின் பேரில் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் மூன்றாவது வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. புது பம்ப் போட்டும் வண்டி கிளம்பாவிட்டால், பழைய கோளாறு அப்படியே இருக்க, புதுப் பாகத்தின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். டேங்கில் எரிபொருள் உண்மையிலேயே இருக்கிறதா, சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசரின் விளக்கு விடாமல் கண்சிமிட்டுகிறதா, ஃபியூஸ்கள் சரியா. பேட்டரி மின்னழுத்தம் ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். அந்த நிலையில் இசியூவே தடுமாறும். அது சொல்லும் கோளாறுக் குறியீடுகளையும் நம்ப முடியாது.

ஸ்கேனருக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன். செல்ஃப் அடிக்கும்போது திரையில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு காட்டுகிறது என்ற ஒரே ஒரு எண்ணுக்காகவே அதை வாங்கலாம். பொதுவாக 150 முதல் 300 வரை ஏதாவது ஓர் அளவு தெரிய வேண்டும். இன்ஜின் சுற்றுவது காதில் விழுகிறது, திரையிலோ பூஜ்யம் நிற்கிறது என்றால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரின் செய்தி இசியூவுக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் சென்சார், அதன் வயர், கனெக்டர் மூன்றில் ஒன்றில் பழுது. பி 0335 என்ற குறியீடு பதிவாகாத நேரத்திலும் இந்தப் பூஜ்யம் உண்மையைச் சொல்லிவிடும். அதேபோல, கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் அந்த சென்சாரின் சர்க்யூட் அறுந்திருக்கிறது என்று பொருள். கடுங்குளிர் என்று நம்பி இசியூ பெட்ரோலை அள்ளி ஊற்ற, பிளக்குகள் நனைந்து போகலாம். இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்பதையும் நல்ல ஸ்கேனர் நேரடியாகவே சொல்லும். இவற்றைக் கைக்கருவிகளால் கண்டுபிடிப்பது சுற்றுவழி.

ஆனால் செல்ஃப் அடித்தும் கிளம்பாத கோளாறுகளில் ஒரு பெரும் பகுதி ஸ்கேனரின் பார்வைக்கு வெளியே நடக்கிறது. என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான். இசியூவுக்குத் தான் இட்ட கட்டளை தெரியும். அது நிறைவேறியதா என்பது பெரும்பாலும் தெரியாது. பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை ஆன் செய் என்று சொன்னது அதற்குத் தெரியும். பம்ப் சுற்றியதா, டியூபில் அழுத்தம் ஏறியதா என்பதைச் சொல்ல, காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண இன்ஜின்கள் பலவற்றில் சென்சாரே கிடையாது. பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலுக்குக் கட்டளை போனது தெரியும். பிளக்கின் முனையில் பொறி குதித்ததா என்பது தெரியாது.

பிளக் ஒழுங்காக எரியாவிட்டால் மிஸ்ஃபயர் குறியீடு வருமே என்று கேட்கலாம். மிஸ்ஃபயரை இசியூ கண்டுபிடிப்பது கிராங்க் சுற்றும் வேகத்தில் ஏற்படும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் கொண்டு. அதற்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எரிபொருள் கலவை மிகையா குறைவா என்பதை ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு அறிவதற்கும் அதே நிபந்தனைதான். ஆக, ஸ்கேனர் சொல்லும் விஷயங்களில் பல ஓடும் இன்ஜினிலிருந்து பிறப்பவை. ஓடாத இன்ஜினிடம் அவற்றைக் கேட்டால் பதில் வராது. ‘குறியீடு எதுவும் இல்லை’ என்று திரை சொல்வதை ‘கோளாறு இல்லை’ என்று எடுத்துக்கொண்டு திகைத்து நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது மனத்தை வருத்துகிறது. கருவி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரியாததைக் கேட்டிருக்கிறோம்.

கைக்கருவிகள் காட்டுவது விளைவை. பிளக் வயரிலோ காயிலிலோ ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி அதை இன்ஜின் பிளாக்கில் எர்த் செய்து செல்ஃப் அடித்தால், இடைவெளியில் நீல நிறத்தில் பளிச்சென்று பொறி தாண்ட வேண்டும். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் காயில் பலவீனம் அல்லது அதற்குப் போகும் கரன்ட்டில் குறை. பிளக்கைக் கழற்றிக் குறட்டில் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஷாக் அடிக்கும் ஆபத்து ஒருபுறம். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தில் பொறி தாண்டுவது கடினம் என்பதால், திறந்த காற்றில் குதிக்கும் பொறி உள்ளேயும் குதிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. டெஸ்டரின் அகன்ற இடைவெளி அந்தக் கடினத்தை ஓரளவு வெளியிலேயே உண்டாக்குகிறது. கழற்றிய பிளக் வேறொரு விதத்தில் உதவும். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறியையோ கம்ப்ரஷனையோ (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) தேடுங்கள்.

சோதனை விளக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் இருக்கும்போது ஒரு பல்பு எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். என் மைத்துனரின் காரில் பம்ப் ஓடவில்லை. பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. எர்த்தும் சரி என்றே காட்டுகிறது. அப்படியானால் பம்ப் செத்துவிட்டது என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். அதே கனெக்டரின் இரண்டு முனைகளுக்கும் இடையே இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை மாட்டினோம். இழை செங்கல் நிறத்தில் மினுக்கியதோடு நின்றது. வயரைப் பின்தொடர்ந்து போனால், தரைவிரிப்புக்கு அடியில் இருந்த ஒரு கனெக்டரில் பித்தளை முனை பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. சுத்தம் செய்து இறுக்கியதும் பல்பு வெள்ளையாக எரிந்தது. பழைய பம்ப்பே ஓடியது.

இதில் மாயம் எதுவும் இல்லை. மல்டிமீட்டர் இழுப்பது மைக்ரோஆம்பியர் அளவு கரன்ட். அந்தப் பச்சை பூத்த முனையில் 5 ஓம் தடை இருந்தாலும் அவ்வளவு சிறிய கரன்ட்டுக்கு அது தடையே அல்ல. மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். பம்ப்புக்கோ பல ஆம்பியர் வேண்டும். பல்பு ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்பதால், வயரால் சுமையைத் தாங்க முடிகிறதா என்பதை அந்த இடத்திலேயே காட்டிவிடுகிறது. ஸ்கேனரில் இந்தக் கோளாறு எப்படித் தெரிந்திருக்கும்? பம்ப் ரிலே: ஆன். அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை மட்டும். இந்தப் பல்பு பம்ப், காயில், ஃபியூஸ் போன்ற பவர் லைன்களுக்கு உரியது. சென்சார் வயர்களிலும் இசியூவின் மெல்லிய சர்க்யூட்களிலும் அதை மாட்டினால் இசியூ கெட்டுப்போகலாம். ஏர்பேக்கின் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பக்கம் போகவே கூடாது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் மின் துடிப்பைப் பார்ப்பதற்கென்று தனியாக நாய்ட் விளக்கு கிடைக்கிறது.

பிரஷர் கேஜின் வேலை எளிது. சாவியை ஆன் செய்ததும் பம்ப் 2, 3 விநாடி ஓடி நிற்கும் ஒலி டேங்க் பக்கம் கேட்கும். கேஜ் மேனிஃபோல்டு இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 முதல் 4 பார் வரை காட்ட வேண்டும், துல்லியமான அளவு அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். பம்ப் நின்றவுடன் முள் சரிந்து விழுந்தால் எங்கோ கசிவு, அல்லது பம்ப்பின் வால்வு பிடிக்கவில்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் கேஜ் மாட்டும் வால்வு இல்லாத கார்களுக்கு அடாப்டர் தேவைப்படும் என்பது இந்தத் தொகுப்பின் குறை. மாட்டுவதற்கு முன் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் சிந்திய நிலையில் பொறி சோதனை கூடவே கூடாது.

கம்ப்ரஷனைப் பொறுத்தவரை முதல் கருவி காதுதான். நல்ல இன்ஜின் விட்டுவிட்டு முக்கிக்கொண்டு சுற்றும். வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராக ‘விர்’ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்த ஒலி கேட்டதும் செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிடுங்கள். பெல்ட் பற்கள் தாண்டியிருந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வைத் தட்டி வளைத்துவிடும்.

என் சாய்வு பெட்ரோல் மேனிஃபோல்டு இன்ஜெக்‌ஷனோடு முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோலிலும் காமன் ரெயில் டீசலிலும் என் கைப்பழக்கம் குறைவு. அங்கே ரெயில் அழுத்தத்துக்கு சென்சார் இருக்கிறது. அதை ஸ்கேனரில் படிப்பதுதான் முறை. காமன் ரெயில் டீசல் கிளம்பப் பொதுவாக 200 பார் அளவிலாவது அழுத்தம் ஏற வேண்டும். அந்த அழுத்தத்தில் ஓடும் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டீசல் வண்டி வைத்திருப்பவர் ஸ்கேனரை முதலில் வாங்கட்டும். சூடானால் மட்டும் கிளம்பாமல், ஆறிய பிறகு கிளம்பும் வண்டிக்கும் அப்படியே. கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழப்பதை ஆர்பிஎம் எண் அந்தக் கணத்திலேயே பிடித்துக் கொடுத்துவிடும். விளக்கை மாட்டி முடிப்பதற்குள் வண்டி ஆறிவிடும்.

ஆனால் ஸ்கேனர் என்ற பெயரில் விற்கும் எல்லாமே ஒன்றல்ல. சில சிறிய கருவிகள் குறியீட்டைப் படிக்கவும் அழிக்கவும் மட்டுமே தெரிந்தவை. இந்தக் கோளாறுக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. செல்ஃப் அடிக்கும்போதும் தொடர்பு அறுபடாமல் ஆர்பிஎம், கூலன்ட் வெப்பநிலை, ரெயில் அழுத்தம் ஆகியவற்றை நேரலையாகக் காட்டுகிறதா என்று உங்கள் வண்டியிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.