வாய் உலர்வை அளக்க எதை நம்பலாம்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நீரிழிவோடும் இரத்த அழுத்த மாத்திரைகளோடும் காலம் தள்ளும் நம் முதியவர்கள் பலருக்கு வாய் உலர்வது தீராத தொல்லை. அதை அளக்கக் கருவி இருக்கிறது. ஆனால், கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதற்கு நான் தயங்குகிறேன்.

ஜப்பானின் 'மியூகஸ்' என்ற ஈரமானியை எடுத்துக்கொள்வோம். நாக்கு நுனியிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே, உறை போட்ட அதன் முனையை வைத்து 2 விநாடி அழுத்தினால் திரையில் எண் வந்துவிடும். ஈரம் கூடினால் எண்ணும் கூடும். 27-க்குக் கீழ் இறங்கினால் உலர்வு என்பது ஜப்பானியப் பல் மருத்துவர்களின் கணக்கு. வேகத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை. சிக்கல் கையில்தான் இருக்கிறது. அழுத்தம் சுமார் 200 கிராம் இருக்க வேண்டும். முனை சற்றுச் சாய்ந்தாலும் எண் மாறும். அதனால்தான் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே முறை வைத்துவிட்டு "ஈரம் போதும்" என்று சொன்னால், மறுபடியும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அளப்பதற்குச் சற்று முன் ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தாலும் எண் ஏமாற்றும்.

எச்சிலைக் கிண்ணத்தில் சேர்த்து அளப்பது பழைய முறை. 15 நிமிடம் தலையைக் குனிந்து, விழுங்காமல் இருக்க வேண்டும், 1.5 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவோ சேர்ந்தால் சுரப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். நுரை கண்ணை ஏமாற்றும் என்பதால் எடை போடுவதே சரி. பிறர் முன்னால் துப்பப் பாட்டிமார் கூசுவார்கள், உண்மைதான். ஆனாலும் சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்பதை நேரடியாகச் சொல்வது இதுதான். என் ஓட்டு இதற்கே. மாலையில் சுரப்பு கூடும், உறக்கத்தில் மிகவும் குறையும். ஆகவே எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

துணிப்பஞ்சை 2 நிமிடம் மென்று, அதில் ஊறிய எச்சிலின் எடை பார்க்கும் சாக்ஸன் சோதனையில் எல்லை 2 கிராம், அதற்குக் கீழ் இறங்கினால் உலர்வு. சமையலறைத் தராசு இதற்கு உதவாது. மஸ்ஜிட் இந்தியா நகைக்கடைகளில் இருப்பது போன்ற நுண்தராசு வேண்டும். மெல்லும்போது சுரப்பு கூடிவிடுவதால், இரவில் நாக்கு ஒட்டிக்கொள்பவர்கூட இதில் தேறிவிடலாம்.

பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்கும் மறதி நோயாளிக்கும் நிலைமை வேறு. துப்பச் சொன்னால் புரியாது, பஞ்சு தொண்டைக்குள் போய்விடும். அவர்களுக்கு ஈரமானியே கதி. எண் நன்றாக இருந்தும் வாய் உலர்கிறது என்று அம்மா சொன்னால், அவர் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.